அதிலை கால் வைக்காதேங்கோ

ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் நாங்கள் ஐந்து வருடம் வாடகைக்கு இருந்தோம். மலைச்சரிவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். முன்வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும். பின்பக்கம் படி எதுவும் கிடையாது, கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேராகப் புல்தரை. அந்தக் கதவை நான் திறக்கும் சத்தம் கேட்டாலே பக்கத்து வீட்டு அண்ணாவின் குரல் வந்துவிடும்.

"தங்கச்சி, அதிலை கால் வைக்காதேங்கோ."

நான் வைத்திருக்க மாட்டேன். வைக்கிற எண்ணமும் இருக்காது. துணி உலர்த்தும் கம்பியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றிருப்பேன். இருந்தாலும் சொல்லிவிடுவார். இரண்டு வீட்டுத் தரைக்கும் நடுவே வேலி இல்லை, தேவையும் இல்லை. எங்கள் பக்கம் பாசி, அவர் பக்கம் புல். எல்லை எங்கே என்று கண் தெரிகிற யாருக்கும் தெரியும்.

அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். எந்த மாதமானாலும் காதை மூடுகிற கம்பளித் தொப்பி. அவர் யாழ்ப்பாணம், நான் திண்டுக்கல். வந்த புதிதில் அவர் பேசுவது எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் பேசுவது அவருக்கு முழுக்கப் புரிந்தும் பதில் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து ஒருநாள் தானாகவே வந்து, "உங்கடை பாசி எங்கடை பக்கம் வருது" என்றார். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

ஒஸ்லோவில் புல் வளர்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். புல் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வளர்வது என்பதுதான் என் அனுபவம். இங்கே அப்படியில்லை. கடல் உள்ளே புகுந்த ஃபியோர்டிலிருந்து ஏறி வருகிற ஈரக்காற்று, ஊசியிலை மரங்களின் நிழல், புளித்த மண். சும்மா விட்டால் பாசிதான் குடியேறும். ஏப்ரலில் பனி உருகியதும் அவர் வேலை தொடங்கும். குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கப் பாதையில் போட்ட சரளைக்கல், பனியோடு சேர்ந்து வந்து புல்லில் கிடக்கும். அதை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குவார். பனிக்கடியில் மூச்சு முட்டிக் கிடந்த இடங்களில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அதை மெதுவாக வாரி எடுப்பார். பிறகு பாசியைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு தூவுவார்.

"எங்க ஊர்ல இதை வெத்தலையில தடவுவோம் அண்ணா" என்றேன்.

"தடவுங்கோ" என்றார், நிமிராமல்.

வெயில் வந்துவிட்டதே என்று மே முதல் வாரத்தில் எல்லோரும் விதை தூவுவார்கள். இவர் தூவ மாட்டார். மேலே சூடாக இருந்தாலும் மண்ணுக்குள் குளிர் போயிருக்காது, விதை அழுகிவிடும். பிர்ச் மரத்தின் இலை எலிக்காது அளவுக்கு வந்த பிறகுதான் விதைக்க வேண்டும் என்று எதிர்வீட்டு நோர்வேக் கிழவி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். தினமும் வேலை முடிந்து வரும் வழியில் மரத்தடியில் நின்று ஓர் இலையைப் பிடித்துப் பார்ப்பார். எலியின் காதை எப்போது அளந்தீர்கள் என்று கேட்டேன். அதற்கும் நிமிரவில்லை.

இந்த மனிதருக்குப் புல் மேல் இத்தனை ஆசை எப்படி வந்தது என்று அவர் மனைவியிடம் ஒருநாள் கேட்டேன். அக்கா சிரித்தார். சிறுபிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவர், எதையும் கதை மாதிரி சொல்வார்.

"ஆசையோ? இஞ்சை குடிவந்த வருசம் முழுப் புல்லையும் மண்வெட்டியாலை செருக்கி எடுத்துப்போட்டார், தங்கச்சி. முத்தத்திலை புல்லு நிண்டால் ஆளில்லாத வீடு எண்டெல்லோ எங்கடை ஆக்கள் சொல்லுறது? வெறும் மண்ணாக்கி, ஒவ்வொரு நாளும் விளக்குமாத்தாலை கூட்டினவர். எதிர்வீட்டுக் கிழவி வந்து, தண்ணிக் குழாய் ஏதும் உடைஞ்சுபோச்சோ எண்டு கேட்டவ."

இலையுதிர் மழையில் அந்த மண் முழுவதும் சரிவில் வழிந்து கீழ்ப்பாதையில் போய்ச் சேர்ந்தது. குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வசந்தத்தில் எல்லாக் குடும்பமும் சேர்ந்து வளாகத்தைச் சுத்தம் செய்கிற நாள் ஒன்று உண்டு, டுக்னாட் என்பார்கள். அன்று சங்கத் தலைவர் கையில் சொசேஜோடு வந்து, "இந்தக் குளிரில் புல் வளர்க்க உங்களுக்குப் பழக்கமில்லைதான்" என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். இவர் எல்லோர் முன்னாலும், தனக்கு அப்போது தெரிந்த நோர்வேமொழியில், இந்த வரிசையிலேயே சிறந்த புல் தன்னுடையதாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

"சொல்லிப்போட்டார். பிறகென்ன?" என்றார் அக்கா.

பிறகு இருபது வருடம். புல்லை ஒருநாளும் அவர் ரசித்து நான் பார்த்ததில்லை. அதில் உட்கார்ந்ததில்லை, படுத்ததில்லை, நாற்காலி போட்டதில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அது பச்சையாக இருந்தது, அவ்வளவுதான்.

அவரைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும். வாயிலிருந்து வந்த சொல்லைத் திரும்ப எடுக்க அவருக்குத் தெரியாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அக்கா அவரைக் கேட்காமல் ஒரு சோபா வாங்கினாராம். வந்து இறக்கிய அன்று, "இதிலை நான் இருக்கமாட்டன்" என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைச் சோபாவுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவுக்கு முதுகு காட்டிப் போட்டு, அதில் விறைப்பாக உட்கார்ந்துதான் டிவி பார்ப்பார். விருந்தாளிகள் சோபாவில் சாய்ந்திருக்க, வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருப்பார். மாதா கோயில் பூசைக்கும் போவதில்லை. கோயிலில் பாட்டுக்குழுவை நடத்துகிறவரோடு ஏதோ வாக்குவாதம். நீ பாடுகிற வரைக்கும் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் இன்னும் நல்ல குரலோடு பாடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அக்கா தனியாக ரயில் ஏறுவார், இவர் நாற்காலியில் இருப்பார்.

நல்ல பக்கமும் இதேதான். ஒரு கோடையில் நாங்கள் ஆறு வாரம் ஊருக்குப் போனோம். "வெட்டுறது நான் பாக்கிறன்" என்றார். அந்த ஜூலை முழுவதும் மழை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வாரம் தவறாமல் எங்கள் பாசியை வெட்டியிருக்கிறார். பாசியை வெட்ட முடியாது, அது அவருக்கும் தெரியும். "சொன்னனான்தானே" என்றார்.

அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள் என்பது எனக்கு இரண்டாம் வருடம்தான் தெரிந்தது. முன்வாசல் ஷூ அடுக்கில் ஒரு சிவப்பு ரப்பர் பூட்ஸ் இருந்தது. அக்காவின் காலுக்குச் சின்னது. யாருடையது என்று கேட்டேன். அன்று அக்கா சிரிக்கவில்லை.

"மகள்டை. நாலு வருசமாச்சு அவள் இஞ்சை வந்து. ஒரு பெடியனோடை இருக்கிறாள். நல்ல பெடியன், எங்கடை ஆக்கள்தான். கலியாணம்தான் கட்டேல்லை. இஞ்சை எல்லாரும் இப்பிடித்தானே இருக்கினம் அப்பா எண்டு சொன்னாள். இவர் வாசல்லை நிண்டு, கட்டிற வரைக்கும் இந்தப் படி ஏறாதை எண்டுபோட்டார்."

"நீங்க பேசறதில்லையா அக்கா?"

"நான் கதைக்கிறனான். இவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்."

எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. சோபாவோடு வைத்துக்கொள்கிற பிடிவாதத்தை மகளோடும் வைத்துக்கொள்வார்களா? அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் குரல் கேட்டால் பதில் சொல்லாமல் கதவை மூடினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் நான்காவது அக்டோபர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வருடத்தின் முதல் உறைபனி. புல் முழுவதும் வெள்ளையாக விறைத்து நின்றது. காபியோடு கண்ணாடிக் கதவருகே நின்றிருந்தேன். ஸ்டேஷனிலிருந்து வருகிற பாதையை ஒட்டி அவருடைய புதர்வேலி இருக்கும். மான்கள் நுழைந்து நுழைந்து அதில் ஓர் இடம் பிரிந்திருக்கும், அவரும் கம்பி போட்டுக் கட்டிக் கட்டிப் பார்ப்பார். அந்த இடுக்கு வழியாக ஒரு பெண் உள்ளே வந்தாள். கறுப்புக் கோட்டு. வெள்ளைப் புல்லின் மேல் நேராக நடந்து அவர் வீட்டுக் கண்ணாடிக் கதவு முன்னால் போய் நின்றாள். உள்ளே டிவி ஓடும் வெளிச்சம் கண்ணாடியில் ஆடியது. தட்டப்போகிறவள் மாதிரி கையைத் தூக்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள். ஐந்து நிமிடம் இருக்கும். வந்த வழியே திரும்பிப் போனாள்.

யாரென்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் புல்லை ஒருத்தி மிதித்துவிட்டாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். மதியத்துக்குள் உறைபனி கரைந்தது. புல் எப்போதும் போலப் பச்சையாக இருந்தது. நானும் மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். கையில் சுருள் அளவு நாடா.

"தங்கச்சி, உங்கடை சப்பாத்து எத்தினையாம் நம்பர்?"

"எதுக்குண்ணா?"

"புல்லிலை ஆரோ நடந்திருக்கினம். உறைஞ்சு கிடந்த நேரம். உறைஞ்ச புல்லு கண்ணாடி மாதிரி, மிதிச்சால் உள்ளுக்கை நொருங்கிப்போகும். அண்டைக்கு ஒண்டும் தெரியாது. நாலு நாள் கழிச்சுத்தான் தடம் வரும்."

திரும்பிப் பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். வேலியிலிருந்து கண்ணாடிக் கதவு வரைக்கும் பழுப்பு நிறத்தில் ஒவ்வொரு அடியும் பதிந்திருந்தது. போன அடி, வந்த அடி, கதவு முன்னால் நின்ற இடம் எல்லாம் தெரிந்தது.

"முப்பத்தொன்பது. வேணும்னா அளந்துக்கோங்க" என்று கோபத்தில் காலை நீட்டினேன். நீட்டியிருக்கக் கூடாது. குனிந்து அளந்தார்.

"இல்லை, அது முப்பத்தேழு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒரு பொண்ணு வந்தாங்கண்ணா" என்றேன். "கறுப்புக் கோட்டு போட்டுட்டு. உங்க கதவுகிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க. தட்டக் கையைத் தூக்கினாங்க, அப்புறம் தட்டாமலே போயிட்டாங்க. நீங்க உள்ளதானே இருந்தீங்க? டிவி ஓடிட்டு இருந்துச்சே."

அளவு நாடா அவர் கையிலிருந்து நழுவி, சர்ரென்று சுருண்டு டப்பாவுக்குள் போனது.

"ஓம்" என்றார். "இருந்தனான். அங்காலை பாத்துக்கொண்டு இருந்தனான்."

அன்று பிற்பகல் அவர் புல்தரையில் மண்டியிட்டிருந்ததைப் பார்த்தேன். கையில் அந்தச் சிவப்பு ரப்பர் பூட்ஸ். பழுத்திருந்த ஒரு தடத்தின் மேல் ஒன்றை வைத்தார். சரியாகப் பொருந்தியது. எடுத்து அடுத்த தடத்தில் வைத்தார். முதல் தடத்திலேயே தெரிந்துவிட்ட விஷயத்தை எதற்கு எல்லாத் தடத்திலும் வைத்துப் பார்த்தாரோ தெரியவில்லை. வேலி வரைக்கும் போய்விட்டுத்தான் எழுந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தை அதற்குப் பிறகு தொடர முடியவில்லை.

அக்கா மாலையில் வந்து எங்கள் சமையலறையில் நின்று அழுதார்.

"படி ஏறாதை எண்டவர், தங்கச்சி. அவள் ஏறேல்லை. முன்னாலை வராமல் பின்னாலை வந்திருக்கிறாள். அவற்றை பிள்ளைதானே. அவரை மாதிரித்தானே இருப்பாள்."

போனில் கேட்டதற்கு மகள், சும்மா அந்தப் பக்கம் வந்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தடங்களை அண்ணா சுரண்டி எடுப்பார், மண் போட்டு மூடி வைப்பார், வசந்தத்தில் விதைப்பார் என்று எதிர்பார்த்தேன். சனிக்கிழமை காலை மண்வெட்டியோடும் ரசமட்டத்தோடும் வந்தார். இருபது வருடம் யாரையும் மிதிக்க விடாத புல்லில் இறங்கி, பழுத்த இடத்தில் வட்டமாக வெட்டினார். வேர்மண்ணோடு புல்லைத் தூக்கி வைத்துவிட்டு, குழியில் மணல் போட்டு, தட்டையான வட்டக்கல் ஒன்றை இறக்கி மட்டம் பார்த்தார். மறுபடி எழுந்து அடுத்த தடத்துக்குப் போனார். வேலியிலிருந்து கதவு வரைக்கும் பதினான்கு கல். கடைசியாக வேலியில் மான் நுழைகிற இடத்தை ஒழுங்காக வெட்டி அகலமாக்கி, அங்கே சின்னதாக ஒரு மரக்கதவு, அவர் பேச்சில் படலை, மாட்டினார். அதற்குக் கொக்கி வைக்கவில்லை.

வெட்டி எடுத்த பதினான்கு புல் வட்டங்களையும் எங்கள் பக்கம் கொண்டுவந்து, என்னைக் கேட்காமலே பாசியைத் தோண்டிப் பதித்துவிட்டுப் போனார். கேட்டதற்கு, "எறியக்கூடாது" என்றார்.

கல் எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று முதல் இரண்டில் கால் வைத்துப் பார்த்தேன். எனக்கு இடைவெளி மிகக் குறைவாக இருந்தது, தடுமாறினேன்.

"கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கலாமேண்ணா."

"உங்களுக்குக் கிட்டவாத்தான் இருக்கும். இது உங்கடை நடைக்குப் போட்டதில்லை" என்றார்.

நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "இவ்வளவு கஷ்டப்படறதுக்கு ஒரு போன் பண்ணி, வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிடலாமே?"

அவர் ரசமட்டத்தைத் துணியால் துடைத்தார். "படி ஏறாதை எண்டு சொன்னது நான். அதை மாத்தேலாது." பிறகு கண்ணாடிக் கதவு வரைக்கும் போகிற கற்களைக் காட்டினார். "இதிலை படி எங்கை இருக்கு?"

சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இருபது வருடமாகத் தன் சொல்லுக்குள்ளேயே அடைபட்டிருந்தவர், அதை உடைக்காமல் வெளியே வர ஒரு வழி கண்டுபிடித்திருந்தார், அதுவும் பின்பக்கமாக. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அக்கா அந்தக் கற்களைப் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

நவம்பர் கடைசியில் பனி விழுந்தது. அந்த வருடம் நிறையவே விழுந்தது. புல் மேல் கிடக்கிற பனியை மிதிக்கவும் கூடாது, கிளறவும் கூடாது என்பது அவர் சட்டம். அழுந்தினால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவதற்கு முன்னால் பதினான்கு கல்லையும் பனியிலிருந்து தோண்டி எடுத்தார். கல் மேல் நின்றபடியே அடுத்த கல்லைத் தோண்டுவார், கடைசியில் ஒரு கைத்துடைப்பத்தால் கூட்டுவார். முழங்கால் ஆழ வெள்ளையில் பதினான்கு வட்டக் குழிகள், இட்லித் தட்டு மாதிரி இருக்கும். எதிர்வீட்டுக் கிழவி வந்து என்னிடம், கோடையில் யாரும் நடக்காத இடத்தில் குளிர்காலத்தில் யார் நடக்கப்போகிறார்கள் என்று கேட்டார்.

இன்னொரு மாற்றமும் இருந்தது. அக்காவைப் பார்க்கப் போனபோது கவனித்தேன். அண்ணாவின் நாற்காலி திரும்பியிருந்தது. டிவி பின்னால் ஓடிக்கொண்டிருக்க, அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். செய்தியைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார்.

கிறிஸ்மஸ் போயிற்று. யாரும் வரவில்லை. பொங்கலுக்கு நான் கொண்டுபோன சர்க்கரைப் பொங்கலை அக்கா வாங்கி வைத்துவிட்டு, "இனி வரமாட்டாள் போலை" என்றார். அண்ணா எழுந்து வெளியே போய், ஏற்கெனவே கூட்டியிருந்த கற்களை மறுபடியும் கூட்டினார். அன்று எனக்கு மிகவும் பாவமாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு முழுவதும் பனி பெய்து விடிகாலையில்தான் நின்றிருந்தது. பத்து மணிக்கு நான் கதவருகே வந்தபோது கற்கள் கூட்டப்படாமல் கிடந்தன. குழிகளுக்குள் புதுப்பனி அப்படியே இருந்தது. அவர் கூட்டாத நாள் அதுவரை ஒன்றுகூட இல்லை. படுத்துவிட்டாரோ, ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி, பூட்ஸை மாட்டிக்கொண்டு எங்கள் பக்கமாகவே நடந்து அவர் கதவை நெருங்கினேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு குழியிலும், கல்லின் நடுவில், புதுப்பனி மேல் ஒரு அடி பதிந்திருந்தது. சின்ன அடி. படலையிலிருந்து கதவு வரைக்கும் பதினான்கும் வீட்டைப் பார்த்திருந்தன. திரும்பிப் போன அடி ஒன்றுகூட இல்லை.

நன்றாகப் பார்க்கலாம் என்று ஓர் எட்டு முன்னால் வைத்தேன். கண்ணாடிக் கதவு ஒரு சாண் திறந்தது. தொப்பி இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். அவருக்குப் பின்னால் அந்த நாற்காலியின் முதுகில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது.

"தங்கச்சி" என்றார் மெதுவாக. "அதிலை கால் வைக்காதேங்கோ."